கையெழுத்துப் போல ஒரு காப்பு: சிற்ப வடிவ உலோகக் காப்பைத் தேர்ந்தெடுத்து, தினமும் அணிந்து, பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

"என்னடி இது, தகர டப்பாவ வெட்டிக் கையில மாட்டின மாதிரி?"

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியம்மா என்னைக் கேட்டது இது. நான் போட்டிருந்தது நாலு சென்டிமீட்டர் அகல வெள்ளிக் காப்பு. பூவேலை இல்லை, கல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் அலை எழும்பியது போலப் புடைத்திருக்கும். சிரித்து மழுப்பிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "எங்கடி உன் தகரம்?"

அந்த இரண்டாவது கேள்வி வந்துவிட்டால் காப்பு உங்களுடையது ஆகிவிட்டது என்று பொருள். நாகரிக உலகில் இதைச் சிக்னேச்சர் நகை என்கிறார்கள். நம்மிடம் இருக்கும் கையெழுத்து என்ற சொல் இதற்கு இன்னும் பொருத்தம். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் போதும். காப்பும் அப்படித்தான். உடைக்குத் தகுந்தபடி தினமும் மாற்றுகிற நகை வேறு, இது வேறு. இங்கே காப்பு முதலில் முடிவாகிறது; உடை, கடிகாரம், மற்ற நகைகள் எல்லாம் அதற்கு இடம்விட்டு நகர்கின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் தானாகப் புரியும்.

படி 1: வடிவத்தைப் பார்க்கப் பழகுங்கள்

சிற்ப வடிவம் என்றால் என்ன? கடையில் கேட்டால் 'மாடர்ன் டிசைன்' என்று எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளிது. காப்பைக் கையில் போடாமல் மேசைமேல் வையுங்கள். அது காப்பு என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, சுற்றி வந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறு தோற்றம் தருகிறதா? அதன் நிழல் பார்க்கும்படி இருக்கிறதா? இருந்தால் அது சிற்பம். முன்பக்கம் மட்டும் வேலைப்பாடு, பின்பக்கம் வெறும் பட்டை என்றால் அது அலங்கரித்த வளையல். அதிலும் தப்பில்லை, ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

இந்த வகைக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது எல்சா பெரட்டியின் 'போன் கஃப்', எலும்புக் காப்பு. பெரட்டி 1940இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் பிறந்தவர். பார்சிலோனாவிலும் நியூயார்க்கிலும் மாடலாக இருந்துவிட்டு நகை வடிவமைக்க வந்தவர். சிறுமியாக இருந்தபோது ரோமில் கப்புச்சின் துறவிகளின் நிலவறைக் கல்லறைக்கு ஆயாவோடு போவாராம். சுவரெல்லாம் மனித எலும்புகளை அடுக்கி அலங்கரித்த இடம் அது. அங்கிருந்து எலும்புத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்புவார். அந்த நினைவும், பார்சிலோனாவில் கௌடி கட்டிய காசா மிலா கட்டடத்தின் வளைவுகளும் சேர்ந்து 1970களில் காப்பாக வந்தன. 1974இல் அவர் டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனத்துக்கு வடிவமைக்கத் தொடங்கினார். இன்றைக்கும் அந்தக் காப்பை அங்கே விற்கிறார்கள்.

வாங்கச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விலையைப் பார்த்தால் அந்த எண்ணம் தானாகப் போய்விடும். கவனிக்க வேண்டியது வேறு. மணிக்கட்டின் வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் எலும்பு இருக்கிறதே, அதன்மேல் இந்தக் காப்பு புடைத்துக்கொண்டு உட்கார்கிறது. அதனால்தான் இடக்கைக்குத் தனி, வலக்கைக்குத் தனி என்று செய்கிறார்கள். கையைப் பார்த்து வடிவம் பிறந்திருக்கிறது. நீங்கள் வாங்குவது எந்த ஊர்க் காப்பாக இருந்தாலும் இதைத்தான் தேட வேண்டும்: போட்டவுடன் கையோடு படிகிறதா, கைமேல் ஒட்டவைத்தது போல நிற்கிறதா?

நம் பக்கத்தில் இந்த வடிவ உணர்ச்சி புதிதல்ல. கல் பதிக்காத பழைய வெள்ளித் தண்டை, பாம்பு போலச் சுற்றி ஏறும் வங்கி என்ற தோள்வளை, ராஜஸ்தான், குஜராத் பெண்கள் அணியும் கனத்த வெள்ளிக் காப்பு எல்லாமே உலோகத்தின் வளைவை நம்பிச் செய்தவை. பஸ்தர், ஒடிசா, வங்காளப் பகுதிகளில் மெழுகு இழைகளை மண் உருவின்மேல் சுற்றி வார்க்கும் டோக்ரா பித்தளைக் காப்புகளும் குறைந்த செலவில் நல்ல தொடக்கம். ஆனால் டோக்ராவில் உள்பக்கம் சில சமயம் சொரசொரவென்று இருக்கும். வாங்கும்போதே விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.

இன்னொரு சோதனை புடவை கட்டுகிறவர்களுக்குக் கட்டாயம். காப்பின் இரு முனைகளையும் விளிம்பையும் பழைய பட்டுத் துணியின்மேலோ ஷிஃபான் துப்பட்டாவின்மேலோ மெதுவாக இழுங்கள். நூல் ஒரு இடத்தில் சிக்கினாலும் வேண்டாம், அல்லது அந்த விளிம்பை ராவித் தரச் சொல்லுங்கள். கடையில் பளபளவென்று தெரிகிற காப்பு, முதல் நாளே முந்தானை ஜரிகையை ஒரு இழை உருவிவிட்டால், அப்புறம் அதை எடுத்துப் போடக் கையே வராது.

படி 2: உலோகமும் எடையும்

பார்க்க அழகாக இருந்து, பிறகு பீரோவில் தூங்குகிற காப்புகளில் பாதிக்குக் காரணம் எடை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 செ.மீ. அகலம், ஒன்றரை மி.மீ. தடிமன், வளைத்த தகட்டின் நீளம் 13.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே வடிவம் ஸ்டெர்லிங் எனப்படும் 925 வெள்ளியில் சுமார் 84 கிராம் வரும். பித்தளையில் சுமார் 69. அலுமினியத்தில் வெறும் 22.

84 கிராம் என்றால் பத்தரைப் பவுன் எடை. அதை ஒரே மணிக்கட்டில் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். சிலருக்கு அந்தக் கனம்தான் பிடிக்கும், எனக்கும் அப்படித்தான். கனம் இருந்தால் காப்பு நகராமல் ஓரிடத்தில் அமர்கிறது. ஆனால் மணிக்கட்டு வலி உள்ளவர்களும், நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவர்களும் அகலத்தை இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைத்துக்கொள்வது நல்லது. எடையைக் குறைக்க உள்ளே பொள்ளலாகச் செய்தவையும் கிடைக்கும். அவை சுலபமாக நசுங்கும், நசுங்கினால் சரிசெய்வது கஷ்டம்.

வெள்ளி என்று சொல்லி விற்கப்படும் கறுப்புநிற 'ஆக்ஸிடைஸ்டு' நகைகளில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைந்தவை பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், அதுவும் வியர்வை பட்டால் இன்னும் கூடும். கவரிங் கம்மல் போட்டுக் காது புண்ணான அனுபவம் உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள். உண்மையான வெள்ளி வேண்டுமென்றால் உள்பக்கத்தில் 925 முத்திரையைப் பாருங்கள். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்று இருப்பதால் இந்த வடிவங்கள் அதில் நிற்காது.

பித்தளை, செம்பு, வெண்கலம் வியர்வையோடு சேர்ந்து கையில் பச்சைக் கறை வைக்கும். அது கேடில்லை, சோப்புப் போட்டால் போய்விடும். ஆனாலும் வெள்ளைச் சட்டைக் கை ஓரத்தில் படிந்தால் எரிச்சலாக இருக்கும்.

செய்கூலியைப் பற்றியும் மனதில் ஒரு தெளிவு வேண்டும். வடிவமைப்பாளர் செய்த காப்புக்கு நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு உழைப்புக்கும் கற்பனைக்கும் போகிறது. திருப்பி விற்கப் போனால் வெள்ளியின் எடைக்கு மட்டுமே விலை சொல்வார்கள். சேமிப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் பேசாமல் தங்கக் காசு வாங்கிவிடலாம்.

படி 3: அளவு

வளையல் கடையில் 2-4, 2-6, 2-8 என்று சொல்லும் அளவு இங்கே உதவாது. அது முழு வட்ட வளையல் முஷ்டியைத் தாண்டி ஏறுவதற்கான விட்டம். 2-4 என்றால் இரண்டேகால் அங்குலம், 2-8 என்றால் இரண்டரை. வாய் திறந்த காப்பு முஷ்டி வழியாக ஏறுவதில்லை, மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைகிறது. அதனால் அளக்க வேண்டியது மணிக்கட்டின் சுற்றளவு.

ஒரு நூலை எடுத்து, துருத்திய எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக, இறுக்காமல் சுற்றி அளந்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். எனக்கு 15.5 செ.மீ. அதோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் 16.5. காப்பின் உள்சுற்றும் வாய் இடைவெளியும் சேர்ந்து அவ்வளவு வர வேண்டும். வாய் மட்டும் இரண்டரையிலிருந்து மூன்று செ.மீ. இருந்தால் போட்டுக் கழற்ற வசதி. அளப்பதைப் பிற்பகலில் செய்யுங்கள். வெயில் நாளில், அதிலும் சென்னைப் புழுக்கத்தில், காலைக் கையும் மாலைக் கையும் ஒன்றல்ல. காலையில் அளந்து வாங்கியது மாலையில் கவ்விப் பிடிக்கும்.

தளர்வாக இருந்தாலும் சிக்கல்தான். சங்கப் பாட்டுகளில் தலைவன் பிரிந்தால் தலைவிக்குத் தொடி நெகிழ்ந்து கழன்று விழும். நமக்கு அந்தக் காரணம் எதுவும் இல்லாமலே காப்பு புறங்கைக்கு இறங்கி வந்து, ஒவ்வொரு முறை கை தூக்கும்போதும் மேலும் கீழும் ஓடினால், பார்ப்பவருக்கு வடிவம் தெரியாது, ஆட்டம்தான் தெரியும். ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் பெரிது.

படி 4: எந்தக் கை?

இதை ஒருமுறை முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள்.

வலக்கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இடக்கைதான் வசதி. சாம்பார் சாதம் பிசையும்போது மணிக்கட்டில் நாலு சென்டிமீட்டர் உலோகம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கழுவும்போதும் உள்ளே தண்ணீர் தங்கும். ஆனால் இடக்கையில் கடிகாரம் இருக்கிறதே? இரண்டையும் ஒரே கையில் போட்டால் கடிகாரக் கண்ணாடி கீறும், கண்ணுக்கும் நெரிசல். கடிகாரத்தை வலக்கைக்கு மாற்றுங்கள், அல்லது நேரத்தைப் போனில் பாருங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். ஒரு வாரம் வெறும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அப்புறம் பழகிவிட்டது.

கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் காப்பை மறு கைக்குக் கொண்டுபோங்கள். நனைந்த கயிறும் வெள்ளியும் ஒரே இடத்தில் இருந்தால் காப்பும் கறுக்கும், கயிற்றின் சாயமும் ஏறும்.

இரண்டு கையும் சமமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கையில் இரண்டு, கையில் இரண்டு என்று வளையல் போட்டே வளர்ந்த பழக்கம். 1926இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கல நடனப் பெண்ணைப் பாருங்கள். உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். இடக்கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை வளையல்கள், இடுப்பில் ஊன்றிய வலக்கையில் நாலே நாலு. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு யாரோ ஒரு கலைஞருக்கு, ஒரு கை நிறைந்தும் மறு கை ஓய்ந்தும் இருந்தால்தான் நிற்கும் தோரணை சரியாக வரும் என்று தெரிந்திருக்கிறது.

படி 5: போடுவதும் கழற்றுவதும்

இந்தப் படியை நான் தப்பாகச் செய்தேன். காலையில் இரண்டு முனையையும் பிடித்து அகட்டிப் போடுவது, போட்டபின் அழுத்திச் சேர்ப்பது, இரவில் மறுபடி அகட்டிக் கழற்றுவது. ஐந்தாறு மாதம் ஓடியது. ஒரு நாள் குளிக்கும் முன் கழற்றும்போது நடுவில் முடி போல ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன். விரிசல்.

பட்டறை ஆசாரி கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, மேசைமேல் கிடந்த கம்பித் துண்டை எடுத்தார். இப்படியும் அப்படியுமாக ஏழெட்டு முறை வளைத்தார். பட்டென்று ஒடிந்தது. "இதத்தானம்மா தினமும் பண்ணியிருக்கீங்க," என்றார். உலோகம் குளிர்ந்த நிலையில் வளைய வளைய உள்ளுக்குள் விறைத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வளைய மறுத்து வெடித்துவிடும். அவர் அதை நெருப்பில் காட்டி இளக்கி, பற்றவைத்து, மரக் கட்டையில் மாட்டி மரச்சுத்தியால் தட்டி வட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். பற்று வைத்த இடம் இன்றைக்கும் உள்பக்கம் ஒரு மங்கலான கோடாகத் தெரியும்.

சரியான முறை இது. உள்ளங்கையை மேலே பார்க்கும்படி திருப்புங்கள். மணிக்கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் மெலிந்திருக்கும், எலும்புக்குச் சற்று மேலே இருக்கும் சதைப்பகுதி அழுந்தியும் கொடுக்கும். காப்பின் ஒரு முனையை அங்கே உள்பக்கமாகச் சாய்த்து வைத்து, சாவியைத் துவாரத்தில் திருப்புவது போலக் காப்பைச் சுழற்றி உள்ளே கொண்டுவாருங்கள். மறு முனை தானாக ஏறிவிடும். பிறகு வாய்ப்பக்கம் கையின் அடியில் வரும்படி திருப்புங்கள். கழற்ற இதையே பின்னோக்கி. உலோகம் துளியும் அகலக் கூடாது. முதல் நாலு நாள் தடுமாறும், எண்ணெய் தடவிய கை என்றால் உடனே வரும். அகட்டாமல் ஏறவே இல்லை என்றால் அளவு தப்பு. கையால் இழுத்துப் பார்க்காமல் ஆசாரியிடம் கொடுத்து ஒரே முறையில் சரிசெய்து வாங்குங்கள்.

படி 6: மற்றதைக் குறையுங்கள்

பெரும்பாலானோர் தயங்குவது இங்கேதான். தாலிச் செயின், இரண்டு தங்க வளையல், மூக்குத்தி, மோதிரம், காதில் ஜிமிக்கி. இதற்கு நடுவே ஒரு கனத்த வெள்ளிக் காப்பு என்றால் சந்தைக்கடை ஆகாதா?

எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை. மெல்லிய தங்கச் செயின் காப்போடு போட்டி போடாது, அது கழுத்தில் இருப்பதே பாதி நேரம் தெரியாது. தங்க வளையல் இரண்டையும் மறு கைக்கு மாற்றிவிடுங்கள். காப்பு இருக்கும் கையில் வளையல் வேண்டாம், பட்டை மோதிரம் ஒன்று இருக்கலாம். வெள்ளியும் தங்கமும் சேரக் கூடாது என்பது நகைக்கடை விளம்பரங்கள் நமக்குப் பழக்கிய எண்ணம். கழுத்தில் தங்கமும் காலில் வெள்ளியும் போட்டுத்தானே நம் பாட்டிகள் நடந்தார்கள்.

கவனம் தேவைப்படுவது காதில். காப்பும் ஜிமிக்கியும் இரண்டுமே பெரிதாக இருந்தால் பார்ப்பவர் கண் ஊசலாடும். சின்னத் தோடு போதும். கழுத்தில் ஆரம், நெக்லஸ் எதுவும் வேண்டாம். பெரிய காப்பு போட்ட நாளில் நான் எப்போதும் கண்ணாடி முன் நின்று கடைசியாகப் போட்ட ஒன்றைக் கழற்றுவேன். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். கழற்றியது கைக்குட்டையில் சுற்றிய மோதிரமாகக் கைப்பைக்குள் கிடந்து, இரண்டு வாரம் கழித்துக் கிடைத்ததும் உண்டு.

படி 7: உடை

காப்புக்கு இருபுறமும் இரண்டு விரல் அகலத் தோல் தெரிய வேண்டும். அந்த வெற்றிடம்தான் அதற்குச் சட்டகம். இந்த ஒரு கணக்கில் பாதி உடைப் பிரச்சினை முடிந்துவிடும்.

முக்கால் கை குர்தா இதற்கென்றே தைத்தது போல அமையும். முழுக்கைச் சட்டை என்றால் இரண்டு மடிப்பு மடித்து விடுங்கள். பட்டன் போட்ட கைக்குள்ளிருந்து காப்பு பாதி எட்டிப் பார்ப்பது நன்றாக இருக்காது. கை நுனியில் எம்பிராய்டரி உள்ள குர்தாக்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

புடவையில் நிறைய விளையாடலாம். வெறும் நிற நெசவு, மெல்லிய கரை, முழங்கைவரை வரும் ரவிக்கை: இந்த மூன்றும் சேர்ந்தால் காப்பு தனியாக எழுந்து நிற்கும். கையில்லாத ரவிக்கையும் அதேபோல். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் பெரிய கட்டங்களோடு பெரிய வளைவுள்ள காப்பு நன்றாகவே போகிறது, ஏனென்றால் இரண்டும் துணிச்சலானவை. பொடிப்பொடியான பூவேலைதான் உதைக்கும். காஞ்சிபுரம் பட்டில் கோபுரக் கரையும் உடல் முழுக்கப் புட்டாவும் இருந்தால் அதுவே ஒரு கச்சேரி, அதில் காப்பு பக்கவாத்தியமாகக்கூட நிற்க முடியாது. அந்த நாளில் காப்பை வீட்டில் விடலாமா? நான் விடமாட்டேன். புட்டா இல்லாத பட்டை எடுப்பேன். உடைதான் நகர வேண்டும் என்று மேலே சொன்னேனே.

நிறத்தில் வெள்ளிக்கு அவுரி நீலம், சாம்பல், கறுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, கரும்பச்சை. பித்தளைக்கு அரக்கு, பாட்டில் பச்சை, காவி. கடுகு மஞ்சளோடு பித்தளை போட்டால் காப்பு துணிக்குள் கரைந்துவிடும்.

ஆண்களுக்கு இதில் தனி விதி எதுவும் இல்லை. நம் ஊரில் ஆண்கள் காப்பு போடுவது புதிதும் இல்லை. சட்டைக் கையை மடித்து, இரண்டு செ.மீ. அகலத்தில் மினுக்கமில்லாத மேற்பரப்பு கொண்ட ஒன்றைப் போட்டால் வேட்டிக்கும் ஜீன்ஸுக்கும் ஒன்றாகவே பொருந்தும்.

படி 8: ஒரு மாதம் விடாமல்

வாங்கியது முதல் முப்பது நாள் தினமும் போடுங்கள். அலுவலகம், காய்கறிக் கடை, பிள்ளையின் பள்ளிக் கூட்டம், எல்லாவற்றுக்கும். விசேஷத்துக்கு மட்டும் எடுத்தால் அது விசேஷ நகையாகவே நின்றுவிடும். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல் இதற்கு நல்ல உதாரணம். 1930களில் வெர்டூரா என்ற நகை வடிவமைப்பாளர் அவருக்காக வடிவமைத்த, மால்டா சிலுவை பதித்த வெள்ளை எனாமல் காப்புகளைக் கைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு பல்லாண்டு நடந்தார்.

முதல் வாரம் நாலு பேர் கேட்பார்கள். 'கனமா இல்லையா?', 'எவ்வளவு ஆச்சு?', 'எதுக்கு இது?' மூன்றாவது வாரம் கேள்வி நின்றுவிடும். நீங்களும் கையை மறைக்காமல் பேசத் தொடங்கியிருப்பீர்கள்.

கழற்ற வேண்டிய இடங்களும் உண்டு. கைக்குழந்தையைத் தூக்கும் முன். மாவு பிசையும் முன். விமான நிலையச் சோதனைக்கு வரிசையில் நிற்கும்போதே, தட்டு வரும்வரை காத்திருக்காமல். எம்ஆர்ஐ ஸ்கேன் அறைக்கு வெளியே, கேள்வியே இல்லாமல். நீச்சல் குளத்தில் குளோரின் வெள்ளியைக் கறுக்கவைக்கும். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்: சிக்னலில் மூன்று நிமிடம் நின்றால் உலோகம் தோசைக்கல் மாதிரி சுடும். கைப்பையில் ஒரு பருத்திச் சுருக்குப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: பராமரிப்பு

தினமும் போட்டாலே வெள்ளி அவ்வளவாகக் கறுக்காது, தோல் உரசி உரசித் தேய்த்துக்கொண்டே இருக்கும். பீரோவில் கிடப்பதுதான் கறுக்கும். காற்றிலும் பொருளிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வருகிற படலம் அது. முட்டை, ரப்பர் பேண்டு, கம்பளித் துணி மூன்றும் வெள்ளிக்கு ஆகாது. ரப்பர் பேண்டு போட்டு மடித்துவைத்த வெள்ளியில் அதே அகலத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சென்ட், சன்ஸ்கிரீன் எல்லாம் பூசி உலர்ந்த பிறகு காப்பைப் போடுங்கள். இரவில் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, பிறகு காற்றுப் புகாத பையில். மழைக்காலத்தில் மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் கூடப் போட்டுவையுங்கள்.

கறுத்துவிட்டால் பற்பசை போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். கண்ணாடி போல வழவழப்பான மேற்பரப்பில் அது மெல்லிய கீறல்களை அள்ளி இறைத்துவிடும். மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் முதலில். போகவில்லை என்றால் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சூடான தண்ணீர் ஊற்றி, சோடா உப்பு ஒரு கரண்டி போட்டு, காப்பு தாளைத் தொடும்படி சில நிமிடம் மூழ்கவையுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குத் தாவும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிச் செய்த காப்பை இதில் போடாதீர்கள். 'ஆக்ஸிடைஸ்டு' என்று பெயர் இருந்தாலும் வெள்ளியில் அந்தக் கறுப்பும் பெரும்பாலும் கந்தகப் படலம்தான். வடிவத்தின் ஆழத்தைக் காட்ட ஆசாரி பார்த்துப் பார்த்து ஏற்றியது ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

பித்தளைக்குப் புளி. இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: தேய்த்தபின் நன்றாகக் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். புளிப்பு தங்கினால் மறுநாளே பச்சை பூக்கும்.

கீறல்கள் விழும். லாப்டாப் விளிம்பு, பஸ் கம்பி, சமையல் மேடை எல்லாம் ஆளுக்கு ஒன்று வைக்கும். முதல் கீறலுக்கு மனசு அடித்துக்கொள்ளும், ஐம்பதாவதுக்குப் பிறகு அவை ஒன்றோடொன்று கலந்து பட்டுப் போன்ற ஒரு மங்கல் ஒளி வந்துவிடும். போன மாதம் ஒரு முனை லேசாகச் சப்பையானதற்காகக் காப்பை மறுபடி அதே பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆசாரி வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். உள்பக்கத்தில் தான் பற்றவைத்த கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். முனையைத் தட்டி நிமிர்த்திவிட்டு, "பாலிஷ் போடட்டுமா? புதுசு மாதிரி ஆயிடும்," என்றார்.

வேண்டாம் என்றேன். சுத்தியல் பட்ட இடத்தை மட்டும் ராவித் தரச் சொல்லி, அங்கேயே கையில் மாட்டிக்கொண்டு வந்தேன்.